அக்கா, போச்சு

மார்ச் 3, செவ்வாய்

கணினியைத் தம்பியின் அறைக்கு மாற்றியாயிற்று. கட்டிலின் கால்மாட்டில் மேசை. தலையணையிலிருந்து சிபியு பெட்டிவரை டேப் வைத்து அளந்தேன், மூன்று மீட்டருக்கு ஒரு ஜாண் குறைவு. கன்ட்ரோலர் புளூடூத்தில் ஓடுவது. பத்து மீட்டர் எட்டும் என்கிறார்கள். எங்களுக்கு மூன்று மீட்டருக்கே மூச்சு வாங்குகிறது. ஆட்டம் தொடங்கிய நான்காம் நிமிடம் வளைவில் காரைத் திருப்பினான். கார் திரும்பாமல் நேரே போய்ச் சுவரில் முட்டி நின்றது. அவன் கட்டைவிரல் மட்டும் குச்சியை இடப்பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தது.

"அக்கா, போச்சு."

ஒயர் போட்டால் தீர்ந்தது என்று யாரும் சொல்லிவிடலாம். ஒயர் அவன் காலைத் தாண்டித்தான் வர வேண்டும். அந்தக் காலின் மேல் போர்வையே படக்கூடாது. அதோடு, வீட்டில் கிடைத்த ஒயரைச் சொருகினால் சார்ஜ் ஏறுகிறது, கணினிக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. சார்ஜுக்கு மட்டுமான ஒயர் போலிருக்கிறது. தரவு போகும் கம்பிகள் அதற்குள் இருக்காது, வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

மார்ச் 4, புதன்

பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு முதலிலிருந்து இணைத்தேன். இது பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலர். நடுவிலுள்ள பிஎஸ் பட்டனை மட்டும் அழுத்தினால், கடைசியாகப் பழகிய இயந்திரத்தைத்தான் அது தேடும். பெட்டியிலிருந்து எடுத்த அன்று அப்படித்தான் வெள்ளையாக மெதுவாகச் சிமிட்டிவிட்டு அணைந்து போனது. அது தேடியது போன வருடம் நாங்கள் கொடுத்துவிட்ட பழைய பிளேஸ்டேஷனை. வீட்டில் இல்லாத ஒருவரை வாசலில் நின்று கூப்பிடுவது மாதிரி.

ஷேர் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் விளக்கு இரட்டை இரட்டையாக வேகமாகச் சிமிட்டும். அப்போதுதான் புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளும். கணினியில் 'வயர்லெஸ் கன்ட்ரோலர்' என்று பெயர் வந்தது, இணைந்தது. மாலை முழுக்க ஒரு முறைகூட அறுபடவில்லை. நான் ரொம்பப் பெருமையாக இருந்தேன். 8.30க்கு அவன் காலைத் தலையணைகள் மேல் ஏற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். 8.50க்குப் போயிற்று.

மார்ச் 5, வியாழன்

11 முறை. 99.8.

மார்ச் 6, வெள்ளி

காய்ச்சல் எழுதும் நோட்டிலேயே இதையும் எழுதத் தொடங்கிவிட்டேன். இடப்பக்கம் அவன், வலப்பக்கம் கன்ட்ரோலர். அம்மா போனில் கேட்டால் இடப்பக்கத்தை மட்டும் படிக்கிறேன்.

இன்று டிவைஸ் மேனேஜர். புளூடூத் அடாப்டரின் பண்புகளில் பவர் மேனேஜ்மென்ட் என்று ஒரு பக்கம். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைத்துக்கொள்ளலாம் என்று கணினிக்கு அனுமதி தரும் டிக் ஒன்று அங்கே இருந்தது. இதுதான் என்று தோன்றிவிட்டது. யாரைக் கேட்டு அணைக்கிறது? டிக்கை எடுத்தேன், மறுபடி தொடங்கினேன், கன்ட்ரோலரை முழுதாகச் சார்ஜ் செய்தேன் (சார்ஜ் குறைந்தாலும் இப்படி அறுபடும், அதையும் விட்டுவைக்கக் கூடாது).

இரவு 7 முறை. முதலாவது 8.41க்கு.

அப்பாவின் பழைய வீடியோக்களை வெளி டிஸ்க்குக்கு ஏற்றும் வேலை பாதியில் நிற்கிறது. இந்தக் கணினிக்கும் வயதாகிவிட்டது. ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 7, சனி

இன்றைக்கு நடந்தது முழுக்க என் முட்டாள்தனம். அவன் தூங்கும்போது என் வேலைக்காக இதே கணினியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடுவேன். அங்கே எப்படி இருக்கிறது பார்ப்போமே என்று கன்ட்ரோலரை லினக்ஸில் இணைத்தேன். புளூடூத்சிடிஎல் என்று அடித்து, ஸ்கேன், பேர், டிரஸ்ட், கனெக்ட். அழகாக இணைந்தது. பத்து நிமிடம் நானே கார் ஓட்டினேன். மோசமாகத்தான் ஓட்டுகிறேன்.

மாலை விண்டோஸ் போட்டால் கன்ட்ரோலர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பட்டியலில் பெயர் இருக்கிறது, இணையவில்லை. யோசித்த பிறகு புரிந்தது. இணைக்கும்போது இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு சாவி செய்துகொள்கின்றன. விண்டோஸிடம் ஒரு சாவி, லினக்ஸிடம் வேறொரு சாவி. ஆனால் அடாப்டர் ஒன்றுதான், அதன் முகவரியும் ஒன்றுதான். கன்ட்ரோலர் ஒரு சாவிதான் வைத்துக்கொள்ளும், கடைசியாகச் செய்ததை. விண்டோஸ் பழைய சாவியோடு வந்து நின்றால் கதவு எப்படித் திறக்கும்? நீக்கி, திரும்ப இணைத்து, அவனிடம் கொடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 8, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எப்படி வரும்.

மார்ச் 9, திங்கள்

இன்றும் வரவில்லை. 100.2.

"ஏங்க்கா இதுக்கு நீலப்பல்னு பேரு?" என்றான். நாலு நாளில் அவனாகக் கேட்ட முதல் கேள்வி. விட மனமில்லாமல் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கில் ஹரால்ட் என்று ஒரு ராஜா, பட்டப்பெயர் புளூடூத். பிரிந்து கிடந்தவர்களை ஒன்றுசேர்த்தவர் என்று பெயர். 1997இல் இன்டெல்லில் இருந்த ஜிம் கார்டாக் என்பவர், இதற்குத் தற்காலிகமாக அந்தப் பெயர் இருக்கட்டும் என்றார், அதுவே நிலைத்துவிட்டது. சின்னத்தில் இருப்பது அந்த ராஜாவின் இரண்டு முதலெழுத்துகள், பழைய ரூன் எழுத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக. ராஜாவின் பல் ஒன்று செத்துக் கறுத்துப் போயிருந்ததாம், அதனால் அந்தப் பட்டப்பெயர் என்றும் சொல்வார்கள்.

"ராஜாவுக்கே பல்லு சரியில்லையா," என்று சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே போயிற்று.

இரவு அவன் தூங்கிய பிறகு ரவுட்டர் பக்கம் போனேன். புளூடூத் இருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், அந்தத் தெருவில்தான் பழைய வைஃபையும். கன்ட்ரோலர் பயன்படுத்தும் வகைக்கு அங்கே 79 தடங்கள், நொடிக்கு 1600 முறை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஒரு வைஃபை தடம் அதில் கால்வாசியை அடைத்துக்கொள்ளும். எந்தத் தடம் நெரிசல் என்று கண்டுகொண்டு அதைத் தவிர்க்கவும் புளூடூத்துக்குத் தெரியும், 2003இல் வந்த 1.2 பதிப்பிலிருந்தே. ஆக ஒரு வைஃபைக்காக இது இவ்வளவு தவிக்கக் கூடாது. இருந்தாலும் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன்.

மார்ச் 10, செவ்வாய்

6 முறை. முன்பைவிடக் குறைவு, அவ்வளவுதான். 101. நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 11, புதன்

நோட்டைத் திறந்தேன். ஒரு வாரக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. பகலில் ஒன்றுமில்லை. எல்லாம் இரவு 8.30க்கு மேல். 8.30 என்பது நான் அவன் காலைத் தலையணைகள் மேல் ஏற்றி வைக்கும் நேரம்.

கட்டிலில் அவன் படுத்திருந்த இடத்தில், அவன் நாற்காலியில் இருந்தபோது, நானே படுத்துப் பார்த்தேன். கன்ட்ரோலரை வயிற்றின் மேல் வைத்தால், மூன்று தலையணை உயரத்துக்கு ஏற்றிய கால் நேராகக் கணினியை மறைக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பு விழுங்கிவிடும், உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே. அவன் காலைச் சுற்றி இருப்பதோ இரும்பு வளையங்கள்.

இதை நான் மனதுக்குள் வைத்திருக்க வேண்டும். நோட்டில் எழுதி, நோட்டைக் கட்டில் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனேன்.

ஒன்பது மணிக்கு உள்ளே வந்தால் கால் கீழே இருக்கிறது. தலையணைகள் தரையில். அவன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறான். "இப்ப ஒரு தடவைகூட போகலக்கா," என்றான்.

பாதம் வீங்கியிருந்தது. திட்டினேன். ரொம்பவே திட்டிவிட்டேன். டிஸ்க்கில் ஏற்றும் வேலையைக்கூடத் தொடங்காமல் போய்ப் படுத்துவிட்டேன்.

மார்ச் 12, வியாழன், அதிகாலை 3.15

நேற்று டிஸ்க்கைச் சொருகவே இல்லை.

அதே நாள், இரவு

அவன் கால் காரணமாக இருக்கக் கூடாது. இதை எப்படியாவது நிரூபித்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து அதே நினைப்பு.

தினமும் அவன் காலை ஏற்றி வைத்த கையோடு நான் கணினிமுன் உட்கார்ந்து வீடியோக்களை ஏற்றத் தொடங்குவேன். ஆக 8.30க்கு நடப்பது ஒன்றில்லை, இரண்டு. சிபியு பெட்டியின் பின்னால் குனிந்து டார்ச் அடித்தேன். புளூடூத் டாங்கிள், அதாவது அந்த அடாப்டர், விரல் நகம் அளவு, நீல நிற யுஎஸ்பி துளையில். அதை ஒட்டி அடுத்த துளையில் டிஸ்க்கின் ஒயர். இரண்டுக்கும் நடுவே ஒரு அரிசிமணி வைக்கலாம். யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் கசியும் என்று இன்டெல்லே 2012இல் ஓர் அறிக்கை போட்டிருக்கிறது. தாவித் தப்பிக்கவும் முடியாது, ஏனென்றால் அந்த இரைச்சல் ஒரு தடத்தில் மட்டும் இருப்பதில்லை, எல்லாத் தடங்களிலும் பரவிக் கிடக்கும். போதாக்குறைக்கு டாங்கிள் இருப்பது இரும்புப் பெட்டியின் முதுகில், சுவரைப் பார்த்து. நான்தான் அங்கே சொருகினேன்.

அவன் காலை முறைப்படி ஏற்றி வைத்தேன். அவனை ஆடச் சொன்னேன். டிஸ்க் இல்லாமல் இருபது நிமிடம்: ஒரே ஒரு முறை. டிஸ்க்கில் ஒரு பெரிய வீடியோவை ஏற்றத் தொடங்கினேன். ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

"அக்கா, போச்சு."

நிறுத்தினேன். "வந்துடுச்சு." தொடங்கினேன். "போச்சு." மூன்றாம் முறை அவனே முந்திக்கொண்டு, "இப்ப போட்டியா?" என்றான். போட்டிருந்தேன்.

அந்த ஒரே ஒரு முறை? அது கால்தான். அவனிடம் சொல்லவில்லை.

மார்ச் 13, வெள்ளி

யுஎஸ்பி நீட்டிப்பு ஒயர், ஒரு மீட்டர். டாங்கிளை அதன் முனையில் மாட்டி, பெட்டியின் பின்னாலிருந்து வெளியே இழுத்து, கட்டில் சட்டத்தில் அவன் வலத்தோள் பக்கம் டேப்பால் ஒட்டினேன். எட்டவில்லை. மேசையையே கட்டிலோடு சேர்த்து இழுத்தேன். இப்போது கன்ட்ரோலரும் டாங்கிளும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கின்றன, கால் இடையில் வருவதில்லை. கால் மூன்று தலையணை மேல். டிஸ்க் ஓடுகிறது, வேண்டுமென்றே ஓட விட்டேன்.

0.

0 என்று எழுதிவிட்டு அதன் கீழே இரண்டு கோடு போட்டேன். 99.1.

மார்ச் 14, சனி

பேராசை. இப்போது ஹெட்செட்டும் வேண்டுமாம், நண்பர்களோடு பேசிக்கொண்டே ஆட. அதுவும் புளூடூத். பாட்டு கேட்கும்போது நன்றாக இருக்கிறது, பேச மைக்கைத் தொட்ட நொடியில் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற சத்தம். இது கோளாறு கிடையாது, இந்த ஏற்பாடே அப்படி. பாட்டுக்கு ஒரு வழி, ஸ்டீரியோ, ஒரு திசை மட்டும். அழைப்புக்கு வேறு வழி, போகவும் வரவும், ஆனால் மோனோ, 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ். மைக் திறந்தால் பாட்டு வழி மூடிக்கொள்ளும். கணினியின் கேமராவிலிருக்கும் மைக்கைப் பேசத் தேர்ந்தெடுத்து, ஹெட்செட்டைக் கேட்க மட்டும் விட்டேன். சரியாயிற்று. ஒரே கெடுதல், நான் அடுக்களையிலிருந்து கூப்பிடுவதும் அவன் நண்பர்கள் எல்லாருக்கும் கேட்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

0. 98.9. அம்மாவுக்கு இரண்டு பக்கமும் படித்தேன்.

மார்ச் 16, திங்கள்

"நீயும் ஆடுக்கா." எதிர்வீட்டுப் பையனிடம் ஓர் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் இரவல் வாங்கினேன். அரை மணி நேரம் புளூடூத்தில் தேடிய பிறகுதான் அதன் முகத்தைப் பார்த்தேன். நடுவிலுள்ள எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் தனித்துண்டாகப் பளபளவென்று, மேலேயுள்ள தோள்பட்டன்களோடு ஒட்டி இருந்தால் அது பழைய வகை, புளூடூத்தே கிடையாது. சொந்த அலைவரிசை வழியில் பேசும். முகத்தோடு ஒரே துண்டாக இருந்தால்தான் புளூடூத் உண்டு. இல்லாததைப் போய் தேடியிருக்கிறேன்.

கேமரா பெட்டியில் தரவு போகும் ஒயர் ஒன்று கிடைத்தது. நான் ஒயரில், அவன் காற்றில். நாலு ஆட்டமும் அவனே ஜெயித்தான். என்னுடையது ஒரு முறைகூட அறுபடவில்லை என்பதால் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

100.6. கன்ட்ரோலர் 0.

மார்ச் 18, புதன்

போன் வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு உள்ளே சேர வேண்டும். எத்தனை நாள் என்று கேட்டேன், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்கள்.

அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கன்ட்ரோலர் கொண்டு வரலாமா?" என்றான்.

என் லேப்டாப்பை எடுத்துப் போகலாம். ஆனால் லேப்டாப்போடு இணைத்தால் இந்தக் கணினியின் சாவி போய்விடும், திரும்பி வந்ததும் முதலிலிருந்து. வந்ததும் செய்துகொள்ளலாம் என்றேன். லேப்டாப்பில் புளூடூத் உள்ளேயே இருக்கிறது, டிஸ்க்கை மட்டும் பக்கத்தில் வைக்கக் கூடாது. லேப்டாப்பை அவன் தோள் பக்கம் வைக்க அங்கே மேசை இருக்குமா தெரியவில்லை. இன்றிரவே இணைத்து, அவன் காலை ஏற்றி வைத்து, ஒரு மணி நேரம் பார்த்துவிட வேண்டும். சார்ஜில் போட்டிருக்கிறேன்