மூன்றாவது உருண்டை

மேல்மலையனூர் அங்காளம்மன் கதையை எங்கள் ஆயா எப்போதும் பசியில்தான் ஆரம்பிப்பார்.

பிரம்மாவுக்கும் அப்போது ஐந்து தலை, சிவனுக்கும் ஐந்து தலை. பார்வதி ஆள் தெரியாமல் பிரம்மாவின் காலில் விழுந்துவிட, கோபத்தில் சிவன் பிரம்மாவின் ஒரு தலையைக் கிள்ளிவிடுகிறார். அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொள்கிறது. பிச்சையாக எது விழுந்தாலும் அதுவே தின்றுவிடும், சிவனுக்கு ஒரு பருக்கை மிஞ்சாது. பித்துப் பிடித்துச் சுடுகாடு சுடுகாடாகத் திரிகிறார். இந்தப் பக்கம் சரஸ்வதியின் சாபத்தால் உருவம் கெட்டு அலைந்த பார்வதி, மலையனூரில் புற்றாக உட்கார்ந்துவிட்டாள், அவள்தான் அங்காளம்மன்.

அவர் அங்கே வந்து சேர்ந்ததும் அவள் செய்த முதல் வேலை சமைத்தது. ஒரு உருண்டையைக் கபாலத்தில் போட்டாள், தின்றது. இரண்டாவதையும் தின்றது. மூன்றாவதைக் கை தவறியதுபோல் மயான மண்ணில் இறைத்தாள், ருசி கண்ட கபாலம் சிவன் கையை விட்டு இறங்கியது, அவ்வளவுதான், விசுவரூபம் எடுத்து அதைக் காலால் மிதித்துவிட்டாள்.

மகிஷாசுரனைக் கொல்லப் போன துர்க்கைக்குத் தேவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு ஆயுதம் கொடுத்தார்கள். இவளுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை, சோற்றை வைத்தே ஜெயித்தாள். பில்லி, சூனியம் என்று சொல்லி இவளை வெறும் பயமாக மட்டும் காட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கொதிக்கிறது. அந்தத் துன்பங்களோடு ஜனங்கள் வருவது உண்மைதான், ஆனால் புருஷன் பட்டினி கிடக்கிறானே என்ற தவிப்பில் பிறந்த உக்கிரம் அது, அதை விட்டுவிட்டுச் சூலத்தை மட்டும் காட்டினால் எப்படி?

மாசியில் மகாசிவராத்திரியை ஒட்டி வரும் மயானக்கொள்ளை அந்த மூன்றாவது உருண்டைதான். விளைந்த நெல், கேழ்வரகு, காய்கறி, சுண்டல், கொழுக்கட்டை, சில்லறைக் காசு என்று கொண்டுவந்ததையெல்லாம் மயானத்தில் சூறைவிடுவார்கள். சாவுக்குப் போய்வந்தால் தலை முழுகாமல் வாசற்படி மிதிக்க விடாத எங்கள் ஆயா, அன்று மட்டும் அந்த மண்ணில் விழுந்ததைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு வருவார். அந்த நாலு மணி தானியத்தை விதைநெல்லோடு கலந்த பிறகுதான் எங்கள் வீட்டில் விதைப்பு.

அப்புறம், இங்கே பூசாரிகள் பருவதராஜ குலத்தார், மீன்பிடித் தொழில் செய்துவந்த சமூகம். மாதாமாதம் அமாவாசை ராத்திரி அம்மனை அலங்கரித்து ஊஞ்சலில் வைத்து, அவர்கள்தான் தாலாட்டுப் பாடுகிறார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு நிற்பார்கள். கபாலத்தை மிதித்த அதே கால் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருக்கும், ஆயா என் காதருகே குனிந்து, "சத்தம் போடாத, அம்மா தூங்கப் போறா" என்பார்.