ஐம்பது வயதுக் கணையம்

போன கிழமை யாழ்ப்பாணத்தில் கிளினிக் முடிகிற நேரம், சலரோகத்துக்கு வழமையாக வரும் ஒரு அம்மா மருந்துத் துண்டை வாங்கிய பிறகும் எழும்பாமல் இருந்தார். லண்டனில் இருக்கும் மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே இன்சுலின், இப்போது கிட்னியும் போய் டயலிசிஸ். இறந்தவர் ஒருவரின் கிட்னியையும், இன்சுலின் சுரக்கும் கணையத்தையும் சேர்த்து வைக்கப் பெயர் பதிந்திருக்கிறான். "டொக்டர், ஐம்பது வயசு தாண்டின ஆக்களின்ரை கணையமும் வரலாமாம், ஓமோ எண்டு கேட்டிருக்கினம். பழசை ஏன் என்ரை பிள்ளைக்கு வைக்கினம்?"

ஒரு சொல்லில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இங்கிலாந்தில் பயிற்சியில் இருந்தபோது ஒரு இரவு அப்படியொரு கணையம் வந்தது. ஐஸுக்கு மேல் வைத்துப் பிரித்துக்கொண்டு போனோம், பிரிக்கப் பிரிக்கக் கொழுப்பு வெளியில் மட்டுமில்லை, கணையத்தின் மணிகளுக்கு இடையிலும் மஞ்சளாக ஊறியிருந்தது. பெரிய டொக்டர் இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார், பிறகு ஒன்றும் பேசாமல் கையுறையைக் கழற்றினார். பட்டினியோடு காத்திருந்த நோயாளியிடம் போய்ச் சொன்னது நான்தான். "அடுத்தது எப்போது வரும்?" என்று மட்டும் கேட்டார்.

1966இல் மினசோட்டாவில் முதல் கணையம் வைத்த நாளிலிருந்து பயம் ஒன்றுதான்: கணையத்துக்குள் இரத்தம் மெதுவாக ஓடும், உறைந்துவிடும். கிட்னி சுணங்கினால் டயலிசிஸில் வைத்துக் காத்திருக்கலாம். கணையம் உறைந்தால் பெரும்பாலும் வெட்டி எடுக்கத்தான் வேண்டும். அதனால்தான் வயது, உடற்பருமன், 12 மணித்தியாலத்துக்கு மேல் ஐஸில் கிடந்தது, மூளைச்சாவில் இல்லாமல் இதயம் நின்ற பிறகு எடுத்தது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். ஆனால் இதயம் நின்ற பிறகு எடுத்த கணையங்களும், கவனமாகத் தெரிந்தெடுத்தால், பிரித்தானியாவில் நன்றாகவே வேலை செய்கின்றன. ஒரு குறை இருந்தால் பார்க்கலாம், குறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினால்தான் நான் பயப்படுவேன். மெலிந்த உடம்புள்ள ஐம்பது வயதுக்காரரின் கணையம் கெதியாக வந்து சேர்ந்தால், கொழுத்த முப்பது வயதுக்காரரின் கணையத்தை விட அதைத்தான் நான் விரும்புவேன்.

அம்மாவுக்கு ஒரு தாளில் கணையத்தைக் கீறிக் காட்டினேன். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"வேண்டாமெண்டு சொல்ல அவனுக்கு உரிமை இருக்கோ?"

"இருக்கு அம்மா. சொல்ல முதல், கணையத்தைக் கையில எடுத்துப் பாத்தவையிட்டை, எப்பிடி இருக்கெண்டு கேக்கச் சொல்லுங்கோ."