ஏலி ஏலி லாமா: எருசலேமில் ஹீப்ரு கேள்விச் சொற்களோடு ஒன்பது நாள்

ஊர் திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். முதல் நாள், இரண்டாம் நாள் என்று செலவுக் கணக்கோடு வரிசையாக எழுதுவதாகத்தான் நினைத்திருந்தேன். ஆனால் முதலில் ஒரு எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன்.

நானும் சித்தியும் பென் குரியன் விமான நிலையத்தில் இறங்கியது வெள்ளிக்கிழமை சாயங்காலம். வெள்ளி பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு சனிக்கிழமை இரவுவரை ரயிலும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. டிக்கெட் விலை குறைவு என்று அந்த நாளைப் பிடித்தது நான்தான். எருசலேம் போக டாக்சி, இல்லாவிட்டால் ‘ஷெருத்’ என்கிற பத்துப் பேர் வேன். டாக்சி நமக்குக் கட்டுப்படியாகாது. வேன் பக்கம் போனால் ஓட்டுநர் என்னைப் பார்த்து, “லெ-ஆன்?” என்றார். புரியவில்லை. “லெ-ஆன்? லெ-ஆன்?” சத்தம் கூடிக்கொண்டே போனது. பின்னால் வரிசை நிற்கிறது.

மூன்று வாரம் தினமும் ராத்திரி உட்கார்ந்து ஹீப்ரு கேள்விச் சொற்களை மனப்பாடம் செய்துவிட்டுப் போயிருந்தேன். மா என்றால் என்ன. மீ என்றால் யார். எய்ஃபோ என்றால் எங்கே. மத்தாய் என்றால் எப்போது. லாமா என்றால் ஏன். எய்க் என்றால் எப்படி. கடைசி எழுத்தைத் தொண்டையில் உரச வேண்டும். காமா என்றால் எவ்வளவு, எத்தனை இரண்டும். இந்த ஏழில் ‘லெ-ஆன்’ இல்லை. பின்னால் நின்ற ஒரு கல்லூரிப் பெண்தான், எங்கே போக வேண்டும் என்று கேட்கிறார் என ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள்.

தமிழில் “கடை எங்கே?” என்றாலும் “எங்கே போறீங்க?” என்றாலும் ஒரே எங்கேதான். ஹீப்ருவில் இருக்கிற இடத்தைக் கேட்க எய்ஃபோ, போகிற இடத்தைக் கேட்க லெ-ஆன். ‘எங்கிருந்து’ என்பதற்கு மெ-எய்ஃபோ. வண்டி ஏறுகிற ஒவ்வொரு இடத்திலும் நம்மிடம் முதலில் கேட்பது லெ-ஆன்தான். நான் பார்த்த ஆரம்பப் பாடங்கள் ஒன்றில்கூட அது இல்லை. ‘இவர் யார், அவர் ஆசிரியர்’ என்று பத்துப் பக்கம் போடுகிறவர்கள் இதை எப்படி விட்டார்கள் என்று இன்னும் கோபம்தான் வருகிறது.

சரி, ஏறி உட்கார்ந்தோம். வண்டி நகரவில்லை. “மத்தாய்?” என்று கேட்டேன். “ஓத் மெஅத்” என்றார், இன்னும் கொஞ்சம் என்று. அரை மணி கழித்துக் கேட்டால் “ரெகா, ரெகா.” அப்படியென்றால் ஒரு நிமிஷம். பத்தாவது ஆள் வந்து சேர ஒரு மணி பத்து நிமிஷம் ஆனது. பிறகு ஒவ்வொருவரையும் வீட்டு வாசலில் இறக்கி, எங்களைக் கடைசியில் கொண்டுவிட்டார்கள். ரயிலில் அரை மணிக்குள் முடிகிற தூரம்! சித்தி அறுபத்தொரு வயதில் முழங்கால் வலியோடு அந்தக் கடைசி சீட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் இறங்காதீர்கள். டிக்கெட்டில் மிச்சமானது இப்படித்தான் போகும்.

அன்றைக்குத் தூக்கம் வராமல் நோட்டுப் புத்தகத்தில் அந்தச் சொற்களை ஹீப்ரு எழுத்தில் எழுதிப் பார்த்தேன். வலமிருந்து இடமாக எழுதும் மொழி, எழுத்து 22. மா என்பதற்கு இரண்டே எழுத்து, மேம், ஹே. அதற்கு முன்னால் லாமெத் போட்டால் லாமா. காஃப் போட்டால் காமா. லெ என்பது நம் ‘-க்கு’ மாதிரி. அப்படியானால் லாமா என்பது ‘எதுக்கு’! நாமும் ‘ஏன்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் பாதி நேரம் ‘எதுக்கு’ என்றுதானே கேட்கிறோம்? காமா என்பது ‘எது போல’, அதாவது எவ்வளவு. இன்னொரு கூட்டம் ‘எய்’யில் தொடங்குகிறது: எய்ஃபோ, எய்க், எய்ஸே. எய்ஸே என்றால் எந்த. தமிழில் எங்கே, எப்படி, எப்போது எல்லாம் ஒரே எகரத்தில் வருகிற மாதிரி. ஏழு சொல்லைத் தனித்தனியாக உருப்போடத் தேவையே இருந்திருக்காது. ‘மா’, ‘எய்’ என்ற இரண்டு வேரைப் பிடித்தால் பெரும்பாலானவை வந்துவிடும்.

நமக்குச் சுலபமான இடங்களும் உண்டு. மணி கேட்க “மா ஹஷாஆ?” சொல்லுக்குச் சொல் ‘என்ன மணி’. ஆங்கிலம் வழியாகப் படித்தால்தான் குழப்பம். ஆங்கிலக்காரருக்கு ‘மீ’ என்றால் நான், இங்கே யார். அவர்களுக்கு ‘ஹூ’ என்றால் யார், இங்கே அவன். அவர்களுக்கு ‘ஹீ’ என்றால் அவன், இங்கே அவள். தமிழிலிருந்து நேராகப் படியுங்கள், இந்தத் தொல்லையே இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. ‘ஷெருத்’ வேன், ‘ஷெருத்திம்’ கழிப்பறை. “எய்ஃபோ ஹஷெருத்?” என்று கடைசி எழுத்தைத் தெளிவாக முடிக்காவிட்டால் கழிப்பறைப் பக்கம் கை காட்டுவார்கள்.

டாக்சிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை காலையில் ட்ராமும் ஓடவில்லை. தங்கிய இடத்திலிருந்து, பழைய நகரத்துக்குள் நுழைகிற யாஃபா வாசல் மூன்று கிலோமீட்டர்கூட வராது. ஆனால் சித்தியால் நடக்க முடியாது. ஒரு டாக்சியை நிறுத்தி “காமா?” என்றேன். “மேஆ” என்றார். நூறு சேக்கல். ஒரு சேக்கலுக்கு எங்களுக்கு விழுந்தது சுமார் 23 ரூபாய், ஆக 2,300 ரூபாய். மீட்டருக்கு ஹீப்ருவில் ‘மோனே’. மகனை ‘மோனே’ என்று கூப்பிடுகிற நாகர்கோவில் பக்கத்துக்காரிக்கு அது மறக்குமா? “மோனே?” என்றேன். மீட்டர் கெட்டுப்போச்சு என்றார். கெட்டுப்போனது மீட்டர் இல்லை என்று தெரியும். ஓய்வுநாளில் வேறு வழி இல்லாதவர்கள் என்று தெரிந்து கேட்ட விலை அது. இறங்கிவிட்டோம். அடுத்த வண்டி கால் மணி கழித்து வந்தது. “மோனே?” “கென்,” ஆமாம் என்றார். மீட்டரில் வந்தது 38 சேக்கல். ஒரே ஒரு சொல் 62 சேக்கலைக் காப்பாற்றிக் கொடுத்தது, அன்றைய இரண்டு பேர் மதியச் சாப்பாட்டுக் காசு.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், “காமா?” என்று கேட்கத் தெரிந்ததால் மட்டும் நான் தப்பிக்கவில்லை. ‘மேஆ’ என்றால் நூறு என்று தெரிந்ததால்தான் தப்பித்தேன். கேள்விச் சொல்லைப் படிக்கிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன்: அந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்று சேர்த்துப் படியுங்கள். காமா என்றால் எண்கள் வரும். எய்ஃபோ என்றால் யமீனா, ஸ்மோலா, யஷார் வரும்: வலது, இடது, நேரே. அந்த மூன்றும் தெரியாமல் எய்ஃபோ கேட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை, அவர் சொல்லி முடித்த பிறகும் அதே இடத்தில்தான் நிற்போம். எண்ணில் ஷிஷிம் அறுபது, ஷிவ்இம் எழுபது. வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்று போலக் கேட்கும். மஹனே யெஹுதா சந்தையில் பேரீச்சம்பழம் கேட்டபோது “ஷ்லோஷிம் வெ-ஹமேஷ்” என்றார் கடைக்காரர். முப்பத்தைந்து. கிலோ 800 ரூபாய் ஆகிறதே என்று யோசித்தேன். அப்புறம் ஒன்றை எடுத்து வாயில் போடக் கொடுத்தார். கட்டைவிரல் தடிமன், தோல் பிரிந்து உள்ளே பாகு. அரைக் கிலோ வாங்கிவிட்டோம்.

அந்தச் சந்தைக்குப் பக்கத்துச் சந்தில்தான் சபீஹ் சாப்பிட்டோம். ஐயோ, அந்தச் சபீஹ்! ஈராக்கிலிருந்து வந்த யூதர்களின் உணவு. பீத்தா ரொட்டியின் வயிற்றைக் கீறி, வட்டமாக வெட்டிப் பொரித்த கத்தரிக்காய், பழுப்பேற வேகவைத்த முட்டை, ஹும்முஸ், எள்ளுச் சாந்து, பொடியாக நறுக்கிய வெள்ளரி தக்காளி, எல்லாம் அடைக்கிறார்கள். கடைசியில் மஞ்சளாக ஒன்றைக் கரண்டியில் எடுத்து “அம்பா?” என்றார். மாங்காய், மஞ்சள், வெந்தயம். வாயில் வைத்ததும் சித்தி நிமிர்ந்து பார்த்தார். “மக்களே, இது நம்ம ஊறுகாய் இல்லியா!” ஆமாம், பம்பாயோடு வியாபாரம் செய்த பாக்தாத் யூதர்கள் வழியாகப் போன சரக்கு. மராத்தியில் மாம்பழத்துக்குச் சொல்லும் அதே அம்பாதான். ஒன்று 32 சேக்கல், 736 ரூபாய். விலை அதிகம்தான். ஆனால் ஒன்றைச் சாப்பிட்டால் ராத்திரிவரை பசிக்காது, நான்கு நாள் மதியம் அங்கேதான் சாப்பிட்டோம்.

அந்தக் கடையில் கற்றது எந்தப் பாடத்திலும் கிடைக்காது. ஆமாம் இல்லை என்று பதில் வருகிற கேள்விக்கு முன்னால் ‘ஹஇம்’ என்று போட வேண்டும் என்று படித்திருந்தேன். ஒன்பது நாளில் ஒருவர் வாயிலும் அதைக் கேட்கவில்லை. எழுத்தில்தான் அதற்கு இடம். பேச்சில் கடைசியில் குரலை ஏற்றினால் போதும். “ஹரீஃப்?” என்றால் “காரமா?” நாம் கடைசியில் ‘ஆ’ சேர்த்துச் செய்கிற வேலையை அங்கே குரல் செய்கிறது. பெண்ணிடம் கேட்டால் “மா அத் ரோட்ஸா?”, ஆணிடம் “மா அதா ரோட்ஸே?”, என்ன வேண்டும் என்று. வயது கேட்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ட்ராம் நிறுத்தத்தில் ஒரு பாட்டி சித்தியிடம் “பத் காமா அத்?” என்று கேட்டார். சொல்லுக்குச் சொல் ‘நீ எத்தனையின் மகள்?’ நான் “ஷிஷிம் வெ-அஹத்” என்று சித்திக்காகச் சொன்னேன். அறுபத்தொன்றின் மகள். பாட்டி தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார், சித்தியும் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். மீதிப் பேச்சு மொழி இல்லாமலே நடந்தது.

அந்த ட்ராமில்தான் அது நடந்தது. எதிர் சீட்டில் நான்கு வயதுப் பையன், கையில் பாதி தின்ற பிஸ்கட். இன்னொன்று கேட்டிருப்பான் போல, அம்மா ‘லோ’ என்றார், இல்லை. உடனே அவன் “லாமா? லாமா லோ?” என்று சிணுங்க ஆரம்பித்தான். ஏன், ஏன் கூடாது? சித்தி என் கையைப் பிடித்தார். “இவன் என்ன சொல்லுதான்?” ஏன் என்று கேட்கிறான் என்றேன். “ஏலி ஏலி லாமா சபக்தானி. அந்த லாமாவா?”

அந்த லாமாதான். பெரிய வெள்ளியன்று சபையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிப்பார்களே, அதில் நாலாம் வார்த்தை. ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்.’ சபக்தானி என்பது அரமேயிக் மொழி; பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் உள்ள ஹீப்ரு மூலத்தில் அந்த இடத்தில் ‘அஸவ்தானி’ என்று இருக்கும். ஆனால் லாமா இரண்டிலும் ஒன்றுதான். சித்தி அறுபது வருஷமாக வாயில் வைத்திருந்த சொல். அதை ஒரு குழந்தை பிஸ்கட்டுக்காகக் கேட்கிற சொல்லாக அவர் அன்றுவரை நினைத்ததே இல்லை. அன்று மத்தியானம் கல்லறைத் தேவாலயத்தில், இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதா என்று சொல்லும் இடத்துக்குச் செங்குத்தான படி ஏறிப் போனோம். வழக்கமாகச் சத்தமாக ஜெபிக்கிறவர் அன்று வாயே திறக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்கு அதுவே வேலையாகிவிட்டது. மிக்கேல் என்ற பெயரில் ‘மீ’ இருக்கிறது: மீ-கா-ஏல், கடவுளைப் போல யார்? எங்கள் தெருவில் மூன்று மைக்கேல் இருக்கிறார்கள், மூன்று பேருக்கும் பெயர் ஒரு கேள்வி! வனாந்தரத்தில் உணவாகப் பெய்த மன்னாவின் பெயருக்கும் பைபிளின் யாத்திராகமம் சொல்கிற காரணம் கேள்விதான், ‘மான் ஹூ’, இது என்ன. புலம்பல் புத்தகத்துக்கு ஹீப்ருவில் பெயர் எய்ஹா, அதன் முதல் சொல். ‘எப்படி’ என்று கேட்டுத்தான் அழுகை ஆரம்பிக்கிறது. பைபிள் வாசிக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. இது முதலிலேயே தெரிந்திருந்தால் அந்த மூன்று வாரத்தில் எண்களைப் படித்திருப்பேன்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒலிவ மலையிலும் பழைய நகரத்தின் பெரும்பகுதிக் கடைகளிலும் பேச்சு அரபி. அங்கே ஹீப்ருவில் கேட்பதைவிட அரபியில் இரண்டு சொல் கேட்டால் முகம் மலர்கிறது. ‘வேன்?’ எங்கே. ‘பி கம்?’ என்ன விலை. காமாவுக்குச் சொந்தக்காரச் சொல். ஒலிவ மலையில் பாத்தர் நோஸ்தர் ஆலயத்துக்கு வழி கேட்டது அப்படித்தான். கர்த்தருடைய ஜெபத்தை நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஓடுகளில் எழுதிப் பதித்திருக்கிறார்கள், தமிழிலும் இருக்கிறது. சித்தி அதன் முன்னால் அரை மணி நின்றார். நான் அவசரப்படுத்தவில்லை.

திரும்பும்போது விமான நிலையத்தில் பெட்டி கொடுக்கும் முன்பே விசாரணை. ஏன் வந்தீர்கள், எங்கே தங்கினீர்கள், யாரைப் பார்த்தீர்கள், பெட்டியை எப்போது கட்டினீர்கள் என்று அந்த இளம்பெண் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே போனாள். ஒன்பது நாளும் நாங்கள் கேட்ட அத்தனை கேள்வியும் வரிசையாக எங்களிடமே திரும்பி வந்தது. நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு சித்தியைப் பார்த்து, இந்தப் பெட்டியைக் கட்டியது யார் என்றாள்.

“பெட்டிய யாரு கட்டினதுன்னு கேக்காங்க, சித்தி.”

சித்தி என்னைப் பார்க்கவில்லை. நெஞ்சில் கை வைத்து அந்தப் பெண்ணிடம் “அனி” என்றார். நான். சபீஹ் கடையில், அடுத்து யாருக்கு என்று கேட்கும்போதெல்லாம் கூட்டத்திலிருந்து எழுந்த பதில் அது. நான் சொல்லித்தரவே இல்லை. அந்தப் பெண் சிரித்துவிட்டு, பெட்டியில் ஸ்டிக்கரை ஒட்டினாள்.