ஒரு முழத் தட்டும் ஒரு சிறு ஃபிளாஷும்

"என்ன தம்பி, சோறு வடிக்கிற தட்டக் கொண்டாந்து மூஞ்சிக்கு நேரா நிப்பாட்டிட்டீக?" என்று மதுரையை அடுத்த விளாச்சேரியில் அந்த அப்பத்தா கேட்டபோது, கூடியிருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். நவராத்திரிக்கு இரண்டு மாதம் இருந்த நேரம். திண்ணை, முற்றம், கட்டிலுக்கு அடி என்று வெற்றிடம் கண்ட இடமெல்லாம் கொலு பொம்மைகள் காய்ந்துகொண்டிருந்தன. நான் குடியிருக்கும் திருநகரிலிருந்து சைக்கிளில் போய்விடும் தூரம்தான் என்பதால், பொம்மை செய்பவர்களைப் படம் எடுக்கும் ஆசையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே போய்க்கொண்டிருந்தேன்.

அப்பத்தா சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. நான் நிறுத்தியிருந்தது, முகப்படம் எடுக்க ஃபிளாஷில் மாட்டும் பியூட்டி டிஷ். அது ஆழம் குறைந்த ஓர் உலோக வட்டில்தான்: நடுவில் ஃபிளாஷ் நுழைய ஒரு துளை, துளைக்கு எதிரே சில அங்குல இடைவெளியில் ஒரு சிறு தடுப்புத் தகடு. ஒளி நேராக முகத்தில் பாயாமல் தகட்டில் பட்டுத் திரும்பி, வட்டிலின் உட்புறத்தில் சிதறி, அங்கிருந்து ஒரு வளையமாக முன்னோக்கி வருகிறது. வெறும் ஃபிளாஷைப் போல முகத்தை அறையாமலும், வெள்ளைத் துணி மூடிய பெரிய விளக்குப் பெட்டியான சாஃப்ட்பாக்ஸைப் போலக் கன்னத்து மேடுபள்ளங்களை வழித்துத் துடைத்துவிடாமலும் இரண்டுக்கும் நடுவே நிற்கிற ஒளி அது. என்னிடம் இருப்பது 42 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெள்ளை உட்புறத் தட்டு; ஏறத்தாழ ஒரு முழம்.

இந்தத் தட்டு ஸ்டுடியோ விளக்குகளை மனத்தில் வைத்து உருவானது என்பதை வாங்கிய பிறகுதான் உணர்ந்தேன். ஸ்டுடியோ விளக்கில் ஒளி தரும் கண்ணாடிக் குழாய் தட்டுக்குள் துருத்திக்கொண்டு நிற்பதால், நான்கு புறமும் ஒளி பரவி வட்டில் தானாகவே நிரம்பிவிடும். கேமராவின் தலையில் மாட்டுகிற ஸ்பீட்லைட் என்னும் என் சிறு ஃபிளாஷில் அந்தக் குழாய் ஒரு பெட்டிக்குள், வரிவரியான ஒரு லென்ஸுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. டார்ச் விளக்கைப் போல முன்னோக்கி மட்டுமே பாய்வதற்காகச் செய்யப்பட்ட கருவி அது. அதைத் துளைக்குள் நுழைத்தால், ஒளியின் பெரும்பகுதி தடுப்புத் தகட்டில் மோதி வந்த வழியே திரும்பிவிடுகிறது. வட்டிலின் ஓரங்கள் இருண்டே கிடக்கின்றன. ஒரு முழ அகலமுள்ள விளக்கு என்று நான் நம்பிக்கொண்டிருந்தது, உண்மையில் ஒரு சாண் அகல விளக்காகத்தான் வேலை செய்தது. வீட்டில் அண்ணன் மகனை உட்காரவைத்து எடுத்த முதல் படங்களில் மூக்கின் நிழல் கத்தியால் வெட்டியது போல விழுந்ததற்கு லென்ஸைக் குறை சொன்னேன், சுவரைக் குறை சொன்னேன், ஓரிடத்தில் நில்லாத பையனையும் திட்டினேன்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க மிக எளிய வழி ஒன்று இருந்தது: மனிதரை விட்டுவிட்டுத் தட்டையே படம் எடுப்பது. ஃபிளாஷை அதன் மிகக் குறைந்த பவரில் வைத்து, ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 100 ஆக்கி, லென்ஸின் திறப்பான அப்பர்ச்சரை எஃப் 16 அல்லது 22 என்று சுருக்கி, முகம் இருக்கவேண்டிய இடத்தில் கேமராவை நிறுத்தித் தட்டை நேராகப் பார்த்து எடுத்தால், ஒளி எங்கே நிரம்பியிருக்கிறது, எங்கே நிரம்பவில்லை என்பது அப்படியே தெரிந்துவிடும். என் தட்டில் தகட்டைச் சுற்றி ஒரு வெள்ளை வளையமும், அதற்கு வெளியே மங்கிய சாம்பல் நிறமும் இருந்தன. ஒளி எவ்வளவு விரிய வேண்டும் என்று சொல்லும் ஃபிளாஷின் ஜூம் (எண் குறையக் குறைய ஒளி விரியும்) 50 மில்லிமீட்டரில் நின்றதைக் கவனித்து 24-க்கு மாற்றினேன், சற்று விரிந்தது. ஃபிளாஷின் தலைக்குள் மடிந்திருக்கும், ஒளியை விரிக்கும் பிளாஸ்டிக் தகட்டை இழுத்துவிட்டு 14 ஆக்கினேன், இன்னும் விரிந்தது. பால் நிறப் பிளாஸ்டிக் மூடியை ஃபிளாஷின் மேல் மாட்டியபோதுதான் ஒளி பக்கவாட்டிலும் கசியத் தொடங்கி, ஓரம் ஓரளவு வெளுத்தது.

மீதிக் குறையைத் தீர்த்தது கீழவாசல் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் வாங்கிய சின்ன எவர்சில்வர் கிண்ணம். கூடவே வந்த தடுப்புத் தகடு தட்டையானது. தட்டையான பரப்பு வந்த ஒளியை வந்த பக்கமே அனுப்பும். கிண்ணத்தின் உருண்டை அடிப்பாகத்தை ஃபிளாஷைப் பார்த்துத் திருப்பி, தகடு இருந்த இடத்தில் மூன்று திருகுகளால் பொருத்தியபோது, அந்த வளைவு ஒளியைச் சுற்றிலும் தள்ளிவிட்டது. பளபளவென்று இருந்தால் வட்டிலில் திட்டுத்திட்டாக ஒளி விழுகிறது என்பதால், உப்புத்தாளால் தேய்த்து அதன் மினுக்கத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. புதுக் கிண்ணத்தை உப்புத்தாளால் தேய்ப்பதைப் பார்த்த அம்மாவின் முகத்தை அப்போதே படம் எடுத்திருக்கலாம். இத்தனைக்கும் விலையாக, வெறும் ஃபிளாஷோடு ஒப்பிட்டால் என் கருவியில் 2 ஸ்டாப்புக்கு மேல், அதாவது நான்கில் மூன்று பங்குக்கு மேல், ஒளி குறைகிறது. அது நட்டமாகத் தோன்றவில்லை, ஏனென்றால் இந்தத் தட்டை வைக்கவேண்டிய இடம் முகத்துக்கு வெகு அருகில்.

எவ்வளவு அருகில் என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு முழக் கணக்கு. தட்டின் அகலம் ஒரு முழம் என்றால், முகத்துக்கும் தட்டுக்கும் இடையே ஒன்றரை முழம். மிஞ்சிப்போனால் இரண்டு முழம். அதைத் தாண்டி ஒரு ஆள் உயரத் தூரத்துக்குத் தள்ளி வைத்தால், முகத்திலிருந்து பார்க்கும்போது தட்டு சின்னதாகிவிடுவதால், வெறும் ஃபிளாஷுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கத் தனித் திறமை வேண்டும். அருகில் வைப்பதில் இன்னொரு விளைவும் இருக்கிறது. ஒளியின் அளவு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், 60 சென்டிமீட்டரில் இருக்கும் முகத்துக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகமாகத்தான் 1 மீட்டரில் இருக்கும் மடிக்குக் கிடைக்கும். 3 மீட்டர் தள்ளியிருக்கும் சுவருக்கு 25-இல் ஒரு பங்குதான். சாக்கு மூட்டை, பெயிண்ட் டப்பா, மின்சார ஒயர் என்று எல்லாம் சிதறிக் கிடக்கும் ஒரு பொம்மைப் பட்டறையில், பின்னணியைத் துடைப்பம் தொடாமலே இருட்டில் மறைத்துவிடும் இந்த வசதியை நான் மிகவும் மதிக்கிறேன். அன்று அப்பத்தாவை எடுத்தது ஐஎஸ்ஓ 200, எஃப் 5.6, ஷட்டர் 1/160, ஃபிளாஷ் 1/16 பவர். அவ்வளவு குறைந்த பவரில் அடித்தால் காத்திருக்காமல் அடுத்தடுத்து எடுக்க முடிகிறது. ஆடி மாதத்துத் தகரக் கூரைக்கு அடியில் ஃபிளாஷும் சூடேறி மக்கர் செய்வதில்லை.

இந்தத் தட்டைப் பற்றி இணையத்தில் நான் பார்த்த படங்களில் பெரும்பாலானவை மேக்கப் போட்ட வெளுத்த முகங்களே. நம் ஊர்க் கறுத்த முகங்களுக்கு இது கடுமையாக இருக்கும், எண்ணெய் வழிவது போலக் காட்டும் என்று தெரிந்தவர்கள் சிலர் எச்சரிக்கவும் செய்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மீனாட்சியம்மன் கோயிலின் கம்பத்தடி மண்டபத்துச் சிலைகளை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: கருங்கல்லின் வடிவத்தைக் கண்ணுக்குக் காட்டுவது நிழலைவிட, அதன் மேட்டில் விழுந்து நிற்கும் பளபளப்பு. கல்லே கறுப்பு என்னும்போது அதற்குள் நிழலை எங்கே தேடுவது? கறுத்த தோலுக்கும் இதே நியாயம்தான். கன்ன எலும்பின் மேல், மூக்குத் தண்டின் மேல், நெற்றிச் சுருக்கங்களின் விளிம்பில் அளவான மினுமினுப்பு ஒன்று விழாவிட்டால் முகம் ஒரே பரப்பாகத் தட்டையாகிவிடும். பெரிய சாஃப்ட்பாக்ஸில் நான் எடுத்த முதியவர்களின் படங்கள் பலவற்றில் நடந்தது அதுதான்.

மினுமினுப்பு அளவை மீறி நெற்றியில் வெள்ளைத் திட்டாக எரிந்தால், பெரும்பாலோர் செய்வது விளக்கைத் தள்ளி வைப்பது. நானும் அப்படித்தான் செய்தேன், நிலைமை மோசமாயிற்று. தோலில் தெரியும் பளபளப்பு என்பது விளக்கின் பிம்பம். விளக்கை எவ்வளவு நகர்த்தினாலும் அந்தப் பிம்பத்தின் பிரகாசம் மாறுவதில்லை, அளவு மட்டுமே சிறுத்துப் பெருக்கும். ஆனால் தோலின் நிறமாக நமக்குத் தெரியும் சிதறிய ஒளி, விளக்கு அருகே வர வரக் கூடிக்கொண்டே போகும். ஆகவே தட்டை இன்னும் கிட்டே கொண்டுவந்து, அதற்கு ஈடாக ஃபிளாஷின் பவரைக் குறைத்தால், தோலின் நிறம் அப்படியே இருக்க, எரிகிற திட்டு மட்டும் அகன்று, மங்கி, தோலோடு கலந்துவிடுகிறது. பவுடரை நான் தொடுவதே இல்லை; வியர்வையைத் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும்.

உயரத்தில்தான் முதியவர்களிடம் தடுமாறினேன். வழக்கமாகச் சொல்வது போல மூக்குக்கு நேர் மேலே, 45 பாகை சாய்வில் வைத்தால் இளைஞர்களுக்குச் சரியாக இருக்கிறது. உள்வாங்கிய கண்களுடைய அப்பத்தாவுக்கோ இரண்டு கண்களும் குழியில் போய் ஒளிந்துகொண்டன. தட்டை ஒரு சாண் இறக்கி, மடியில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் படுக்கவைத்த பிறகே கருவிழியில் அந்த வட்ட வெளிச்சம் வந்து உட்கார்ந்தது. அந்த வட்டத்தின் நடுவில் கிண்ணம் இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். சிலருக்கு அது பிடிக்காது, எனக்குப் பிடித்திருக்கிறது.

வெளியில் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முகத்தை மட்டும் நெருங்கி எடுத்தால் மதுரை வெயிலோடு இந்தச் சிறு ஃபிளாஷ் மல்லுக்கு நிற்கும். இடுப்பு வரை எடுக்கத் தட்டை ஒன்றரை மீட்டர் நகர்த்தினால் முழுப் பவரிலும் மூச்சு வாங்கும். கீழக்குயில்குடி சமணர் மலையில் ஒரு காற்றுக்குத் தட்டு பாய்மரம் போலாகி ஸ்டாண்டோடு சாய்ந்தது. இப்போது இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுகிறேன்.

தட்டின் வாயில் மாட்டிக்கொள்ள ஒரு வெள்ளைத் துணி உறையும் கூடவே தருகிறார்கள். அதை மாட்டியதும் பியூட்டி டிஷ் ஒரு சின்ன சாஃப்ட்பாக்ஸாகிவிடுகிறது; எப்போதும் அதை மாட்டியே எடுப்பவர் மடக்கிப் பைக்குள் வைத்துக்கொள்ளும் சாஃப்ட்பாக்ஸையே வாங்கியிருக்கலாம், பேருந்தில் இந்த வட்டிலை இடுக்கிக்கொண்டு நடத்துனரிடம் விளக்கம் சொல்லும் வேலையாவது மிச்சம்.

அடுத்த ஞாயிறு அப்பத்தாவிடம் பிரிண்டைக் கொடுத்தேன். சுருக்கம் ஒவ்வொன்றும் தெளிவாக, கண்ணில் வட்டம் நிற்க, பின்னால் பட்டறை முழுக்க இருட்டாக, எனக்கு மிகவும் திருப்தியான படம் அது. அவர் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "என் மூஞ்சி கெடக்கு. மடியில வச்சிருந்த கிருஷ்ணன் ஏன் இப்பிடி இருட்டாப் போனாரு? ரெண்டு நாளா வர்ணம் தீட்டினது தம்பி" என்றார். மடி 1 மீட்டர் தூரத்தில் இருந்தது. நான் முழக் கணக்கை விளக்க முற்படவில்லை. பையிலிருந்து தட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, கிருஷ்ணனைக் கன்னத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன்.