எச்.ஐ.வி. தொட முடியாத ஒருவர்

ஸ்டீபன் குரோனைப் பற்றிப் படித்ததிலிருந்து இரண்டு நாளாக மனசு அவரையே சுற்றி வருகிறது. நியூயார்க்கில் வாழ்ந்த ஓவியர். 1982இல் அவருடைய காதலர் இறந்துபோனார், ஜிம்னாஸ்டிக்ஸ் செய்து கட்டுக்கோப்பாக இருந்த உடம்பு கண்ணெதிரே உருகிப் போயிற்று, அப்போது அந்த நோய்க்கு எய்ட்ஸ் என்று பெயர்கூட வைத்திருக்கவில்லை. அப்புறம் நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். அடுத்தது தான்தான் என்று குரோன் காத்திருந்தார். அவருக்கு மட்டும் எதுவும் வரவில்லை.

வேறொருவராக இருந்தால் பிழைத்தோம் என்று ஒதுங்கியிருப்பார். இவர் தன் உடம்பில் என்னதான் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள் என ஆய்வாளர்களிடம் தானாகவே போய்க் கேட்டார். கடைசியில் ஆரோன் டயமண்ட் எய்ட்ஸ் ஆய்வு மையத்தில் பில் பாக்ஸ்டன் அவருடைய ரத்தத்திலிருந்து, எச்.ஐ.வி. குறிவைக்கும் சி.டி.4 வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து அவற்றின் மேல் வைரஸை விட்டார். தொற்றவில்லை. அளவை ஏற்றிக்கொண்டே போய்ப் பார்த்தார், அப்போதும் தொற்றவில்லை.

காரணம் 1996இல் பிடிபட்டது. எச்.ஐ.வி. வெள்ளணுவுக்குள் புக சி.டி.4 என்ற புரதத்தைப் பற்றினால் மட்டும் போதாது, பெரும்பாலான வகைகளுக்குப் பக்கத்திலேயே சி.சி.ஆர்.5 என்ற இன்னொரு பிடியும் வேண்டும். குரோனுக்கு அந்த சி.சி.ஆர்.5 புரதத்துக்கான மரபணுவில் 32 டி.என்.ஏ. எழுத்துகள் இல்லை, அம்மா வழியில் வந்த பிரதியிலும் இல்லை, அப்பா வழியில் வந்ததிலும் இல்லை. அதனால் புரதம் அரைகுறையாக உருவாகி, செல்லின் மேற்பரப்புக்கே வந்து சேர்வதில்லை. ஒரு பிரதியில் மட்டும் குறை இருப்பவர்களுக்குத் தொற்று வரும், ஆனால் நோய் முற்றுவதற்குக் கூடுதல் காலம் எடுக்கும். இரண்டிலும் குறை உள்ளவர்களுக்குக்கூட முழுக் காப்பு கிடையாது, சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற வேறு பிடியைப் பயன்படுத்தும் வகை அபூர்வமாக அவர்களையும் தொற்றியிருக்கிறது.

வட ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 1 சதவீதம் பேருக்கு இரண்டு பிரதியும் இப்படி இருக்கும். ஆப்பிரிக்காவிலும் கிழக்கு ஆசியாவிலும் இது கிட்டத்தட்ட இல்லை, இந்தியாவிலும் மிக மிக அபூர்வம். பதினான்காம் நூற்றாண்டில் ஐரோப்பாவைச் சூறையாடிய கறுப்புக் கொள்ளைநோயில் தப்பியவர்களின் சொத்து இது என்று ஒரு கதை ரொம்ப நாளாகச் சுற்றுகிறது, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஏனென்றால் அந்த நோய்க்கு ஈராயிரம் ஆண்டுக்கும் முந்தைய வெண்கலக் கால எலும்புகளிலேயே இந்த மாற்றம் கிடைத்திருக்கிறது.

சரி, இதனால் என்ன பயன் என்றால், அந்த சி.சி.ஆர்.5 பிடியை அடைத்து வைக்கும் மாரவிராக் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2007இல் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு பெர்லினில் ரத்தப் புற்றுநோயோடு எச்.ஐ.வி.யும் இருந்த திமோத்தி ரே பிரவுனுக்கு மருத்துவர் கெரோ ஹூட்டர், இரண்டு பிரதியிலும் இந்தக் குறை உள்ள கொடையாளரைத் தேடிப் பிடித்து, ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்லை அவரிடமிருந்து எடுத்து மாற்றினார். எச்.ஐ.வி.யிலிருந்து குணமான முதல் மனிதர் பிரவுன்தான். 2020இல் அவர் இறந்தது புற்றுநோய் திரும்பி வந்ததால், அந்த வைரஸ் திரும்பவேயில்லை.

குரோனை அதிர்ஷ்டசாலி என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் வலிக்கிறது. வைரஸ் அவரைத் தொடவில்லை, ஆனால் அவருடைய தலைமுறையில் பிரியமானவர்களை எல்லாம் வழியனுப்பிவிட்டு நின்றவர் அவர். 2013இல், 66 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.