கொடிக்கு முதுகைக் காட்டி ஒரு அடி
நேத்து ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ்ல கோல்ஃப் ஆடினேன். ஆட இடம் கேட்டுப் போட்ட குலுக்கல்ல பேர் வந்த அதிர்ஷ்டம் அதோட முடிஞ்சது. 18 குழிங்கிற வழக்கமே 1764ல இங்க 22ஐக் குறைச்சதுல வந்ததுதான். இன்னும் கொஞ்சம் குறைச்சிருக்கலாம், குறிப்பா 17வது குழியை!

அங்க ரோடு பங்கர்னு ஒரு மணல் பள்ளம். புல்கட்டிய அடுக்கிச் செங்குத்தா எழுப்பின சுவர். மூணு அடி அடிச்சேன், மூணும் சுவத்துல முட்டி என் காலடிக்கே வந்துச்சு. நாலாவது, கொடிக்கு முதுகைக் காட்டிப் பின்னாடி அடிச்சுத்தான் வெளிய வந்தேன். என் மட்டைப் பையைத் தூக்கிட்டு வந்த கேடி (caddie) பெரியவர் முகத்துல சலனமே இல்ல. மணலைச் சமன் பண்ணிட்டு நடந்துட்டார்.

18வது குழிக்குப் போற வழியில இருக்கிற பழைய கல் பாலமான ஸ்வில்கன் பாலத்துல போட்டோ எடுத்தாச்சு. ஸ்கோர் கேக்காதீங்க.

இன்னிக்கு ஞாயிறு, ஆட்டம் கிடையாது. ஊரே நாயோட அங்க உலாவுது. நானும் போய் அந்தப் பங்கரை எட்டிப் பாத்துட்டு வந்தேன்.