இரண்டாவது டீ

காலையில் என் ஸ்கூட்டரைப் போல ஒரு தங்கமான வண்டி கிடையாது. வேளச்சேரி வீட்டு வாசலில் சாவியைத் திருப்பினால் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி 'ங்ங்ங்' என்று முனகும். பட்டனைத் தொட்டதும் எழுந்துவிடும். வம்பெல்லாம் சின்னமலையில் டீ குடித்த பிறகுதான். கால் மணி நேரம் கழித்து வந்து பட்டனை அழுத்தினால் இன்ஜின் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. முக்கால் மணி நேரம் அப்படியே விட்டுவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். அதனால் இரண்டாவது டீ குடிக்க ஆரம்பித்தேன்.

ஸ்டார்ட் ஆகாத வண்டிக்குச் சென்னையில் வைத்தியர்களுக்கா பஞ்சம்?

"சோக் இழு சார்" என்றார் ஸ்டாண்டு ஆட்டோ அண்ணன்.

"இது எஃப்ஐ வண்டிண்ணே, சோக்கே கிடையாது."

"அப்ப அதான் சார் பிரச்சினை."

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாடு வந்தபோது புது ஸ்கூட்டர்களில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் போய், வண்டிக் கம்ப்யூட்டர் சொல்கிற அளவுக்குப் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் வந்தது. அதுதான் எஃப்ஐ. அந்தச் செய்தி டீக்கடைப் பெரியவர் ஒருவருக்கு இன்னும் எட்டவில்லை. பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டரை முப்பது வருடம் ஓட்டியவராம். "தள்ளு தம்பி" என்று வாங்கி, வண்டியைத் தன் பக்கமாகச் சாய்த்து, பத்து வரை எண்ணி நிமிர்த்தினார். என் வண்டியில் சாய்ந்தால் இன்ஜினை நிறுத்தச் சொல்லும் சென்சார் ஒன்று இருக்கிறது. இதுவரை பிடிக்காமல் இருந்த இன்ஜின், இப்போது பெட்ரோலும் வேண்டாம் என்று முரண்டு பிடித்தது. சாவியை அணைத்துப் போட்டபிறகுதான் பம்ப் மறுபடி முனகியது.

சர்வீஸில் விட்டேன். அங்கே ராத்திரி முழுக்க நின்று ஆறிய வண்டி, காலையில் ஒரே தொடுதலில் ஸ்டார்ட் ஆனது. லேப்டாப்பை மாட்டிப் பார்த்து, "எரர் கோடே இல்ல சார், நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். டாக்டர் முன்னால் போனதும் இருமல் நின்றுபோகும் நோயாளி மாதிரி.

கனடாவில் எட்மன்டனில் இருக்கும் மச்சினனிடம் போனில் புலம்பினேன். எனக்குக் காலை பத்து, அவனுக்கு முந்தைய நாள் ராத்திரி ஒன்பதரை. இங்கே 31 டிகிரி, அங்கே மைனஸ் 22. "மாமா, என் ஸ்னோமொபைலும் இதேதான் பண்ணுது!" என்றான் சந்தோஷமாக. முன்னால் சறுக்குக் கட்டை, பின்னால் பெல்ட் என்று பனியில் ஓடும் வண்டி. காலையில் குளிரில் சொன்னபடி கேட்கும். ஓட்டிவிட்டு நிறுத்தி காபி குடித்தால் அடம் பிடிக்குமாம். மைனஸ் 22-ல் சூட்டினால் வரும் வியாதியா என்று சிரித்தேன். வண்டி ஓடும்போது காற்றும் ஆயிலும் கூலன்ட்டும் சூட்டைக் கொண்டுபோகும், நிறுத்தினால் அதெல்லாம் நின்றுபோய், உள்ளே இருக்கிற சூடு இன்ஜெக்டர், பைப் என்று சுற்றிலும் ஏறும் என்று விளக்கினான். வெளியே பனி இருந்தாலும் மூடிக்குள்ளே சின்னச் சித்திரைதானாம்.

"ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பாருங்க மாமா. ஈரமா இருந்தா பெட்ரோல் அதிகம். காய்ஞ்சிருந்தா பெட்ரோலே வரல."

என்னுடையது நனைந்து, கறுத்து, பெட்ரோல் நாறியது. அவன் சொன்னபடி பிளக்கைத் துடைத்து மாட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து பட்டனை அழுத்தினேன். பல எஃப்ஐ வண்டிகளில் அப்படிச் செய்தால் இன்ஜெக்டர் வாயை மூடிக்கொள்ளும். ஒரு கறுப்புப் புகை விட்டு வண்டி பிடித்தது. ஆட்டோ அண்ணன் இரண்டடி பின்வாங்கினார்.

அப்படியானால் பெட்ரோலை யார் அள்ளி ஊற்றுவது? இன்ஜின் சூட்டைச் சொல்லும் சென்சார் மேல் அவனுக்குச் சந்தேகம். ரிச்சி தெருவில் மின்சார அளவு பார்க்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கினேன் (வீட்டில் விலையைப் பாதிதான் சொன்னேன்). சூடு ஏற ஏற அந்தச் சென்சாரின் ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடை, மளமளவென்று இறங்க வேண்டும். என்னுடையது காலையில் 2,300 ஓம். தொட்டால் சுடும் இன்ஜினிலும் 1,800-ஐ விட்டு இறங்கவே இல்லை. கொதிக்கிற இன்ஜினைப் பார்த்து 'பாவம், குளிருது' என்று அது சொல்ல, கம்ப்யூட்டரும் நம்பிக் கூடுதல் பெட்ரோல் ஊட்டியிருக்கிறது. சொன்னது பொய்யானாலும் நம்பும்படியான பொய். அதனால்தான் எரர் கோடு வரவில்லை. முக்கால் மணி நேரத்தில் இன்ஜின் நிஜமாகவே ஆறி அந்தப் பொய்க்குப் பக்கத்தில் வந்துவிடும். நான்தான் நடுவில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

புதுச் சென்சாரை எங்கள் தெரு மெக்கானிக் பத்தே நிமிடத்தில் மாற்றினார். மச்சினன் பாடுதான் பாவம். அவன் பிளக் காய்ந்து கிடக்கிறதாம்; சூடானதும் பம்ப் அழுத்தம் இறங்குகிறது போல. பனியில் நின்று இரண்டாவது காபி குடிக்கிறான்.

இப்போது சின்னமலையில் டீ முடிந்ததும் வண்டி உடனே பிடிக்கிறது. "அன்னிக்குச் சாய்ச்சேன் பாருங்க, அதுலதான் சரியாச்சு" என்று பெரியவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். நான் மறுக்கவில்லை. நேற்று என் டீக்கும் அவர்தான் காசு கொடுத்தார்.